கவர் என்றால் என்ன? வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில் கல்லடியிலும் கல்முனையிலும் பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். திரீவீல் ஓட்டுபவர், பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர், பாசிக்குடா ஹோட்டலில் வேலைக்குப் போகக் காத்திருக்கும் பெடியன், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று வருகிற தாய் என்று எல்லாரும் ஒரே வாங்கில்தான் இருப்பார்கள். என்ன பாடம் எடுத்தாலும் இந்தக் 'கவர்' என்ற ஆங்கிலச் சொல் எப்படியோ நடுவில் வந்து விழுந்துவிடும். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், எழுத்துக்கூட்டலை நினைத்து மிரளாமல் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

சேர், கவர் எண்டா மூடுறதா, உறையா? ரெண்டுல எது சரி?

இரண்டும் சரி. வினையாக வந்தால் மூடுவது, பெயராக வந்தால் மூடுகிற சாமான். 'கவர் த ரைஸ்' என்றால் சோற்றை மூடு. 'வெயார் இஸ் த கவர்?' என்றால் மேலே போடுகிற அது எங்கே என்று கேட்பது. தலையணை உறை, சீட் உறை, புத்தக அட்டை, போனுக்குப் பின்னால் மாட்டுகிற ரப்பர் எல்லாமே இந்தப் பெயருக்குள் வந்துவிடும்.

ஆனால் 'மூடு' என்ற நம் சொல்லை அப்படியே நம்பிப் போனால் ஓரிடத்தில் மாட்டுவீர்கள். நாம் கதவையும் மூடுவோம், கடையையும் மூடுவோம், கண்ணையும் மூடுவோம். ஆங்கிலத்தில் கதவுக்கும் கடைக்கும் க்ளோஸ் அல்லது ஷட். கண்ணுக்கு இரண்டும் உண்டு: இமையால் மூடினால் க்ளோஸ், கையால் பொத்தினால் கவர். 'கவர் த டோர்' என்று சொன்னால் கதவின் மேல் சீலை ஒன்றைத் தொங்கவிடச் சொல்வதாகத்தான் கேட்பவருக்குப் படும். ஒன்றின் மேல் இன்னொன்று வந்து விளிம்பு மட்டும், அதாவது விளிம்பு வரை, பரவ வேண்டும், அப்போதுதான் அது கவர். இந்த 'விளிம்பு மட்டும்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிலபஸ், காசு, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் கைகொடுக்கப் போகிறது.

எழுத்தப் பாத்தா 'கோவர்' மாதிரித்தானே கிடக்கு?

ஓவர் என்ற சொல்லுக்கு முன்னால் சீ என்ற எழுத்தை ஒட்டியதுபோல இருப்பதால் வருகிற வினை இது. உச்சரிப்பு கவர்தான். லவ், சன் (மகன்), கம், மங்கி இவற்றிலும் ஓ எழுத்தைப் போட்டுவிட்டு 'அ' என்றுதான் சொல்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் இதையும் சேர்த்துவிடுங்கள். ஓவர், கவர், ஹொவர், மூவர் என்று எழுதிப் பாருங்கள், நாலுக்கும் ஒரே வால், ஆனால் நாலு விதச் சத்தம். (கடைசிச் சொல்லைக் கேட்டதும் "மூண்டு பேரா சேர்?" என்று யாராவது கேட்காத வகுப்பு எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.)

கவர்ச்சி எண்ட சொல்லும் இதுலருந்து வந்ததா?

இல்லை, அது நம்முடைய சொல். கவர்தல் என்றால் பறித்தல், தன்பக்கம் இழுத்தல். "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று" என்று திருக்குறளிலேயே இருக்கிறது, அப்போது இங்கிலீஷ் எங்கே இருந்தது! ஒலி ஒத்துப்போனது தற்செயல், அவ்வளவுதான். ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழ்நாட்டுப் பெடியன்கள் "அவளைக் கவர் பண்ணப் பாக்கிறான்" என்று சொல்வதில் எது தமிழ், எது ஆங்கிலம் என்று என்னிடம் கேட்காதீர்கள், அதை ஒரு இங்கிலீஷ்காரரிடம் சொன்னால் போர்வை போத்தப் போகிறான் என்றுதான் நினைப்பார்.

சட்டி மூடியையும் கவர் எண்டு சொல்லலாமா?

சொன்னால் விளங்கும், ஆனால் அதற்கென்று சொல் இருக்கிறது. சட்டி, பானை, டப்பா போன்றவற்றின் கெட்டியான மூடி லிட். போத்தலில் திருகுகிற சின்ன மூடி கேப். மேலே விரிக்கிற துணி, தாள், பொலித்தீன் என்றால் கவர். சோற்றுப் பானைக்கு லிட் போடுவீர்கள், பந்தியில் வைத்த சாப்பாட்டுத் தட்டை ஈ மொய்க்காமல் வலையால் மூடினால் அது கவர். இரண்டு சந்தர்ப்பத்திலும் வினைச்சொல் மட்டும் கவர்தான். 'கவர் த பொட் வித் அ லிட்' என்பது நல்ல வசனம்.

இந்தியப் படத்துல கடையில "ஒரு கவர் குடுங்க" எண்டு கேக்கிறாங்க. நாங்க சொப்பிங் பேக் எண்டுதானே சொல்லுற?

ஆமாம், தமிழ்நாட்டில் பொலித்தீன் பையும் கவர், கடித உறையும் கவர். நாங்கள் பைக்கு சொப்பிங் பேக், உறைக்கு என்வலப் என்று சொல்லிப் பழகிவிட்டோம். லண்டனில் ஒரு கடையில் 'கவர்' கேட்டால் எந்தச் சாமானுக்குக் கவர் என்று திருப்பிக் கேட்பார்கள், பை வேண்டுமென்றால் பேக் என்று கேளுங்கள்.

கடித உறையைக் கவர் என்பதற்கு மட்டும் நல்ல காரணம் உண்டு. இங்கிலாந்தில் 1840க்கு முன்பு தபால் கட்டணத்தைத் தாளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பார்த்து வாங்கினார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கில் ஏறும். அதனால் பலர் கடிதத் தாளையே மடித்து அரக்கு வைத்து, அதன் வெளிப்பக்கத்திலேயே முகவரி எழுதி அனுப்பினார்கள். தனியாக ஒரு தாளைச் சுற்றினால் அதற்குப் பெயர்தான் கவர். 1840இல் நிறைக்குக் கட்டணம் என்று மாறியபின் என்வலப் பெருகியது, கவர் என்ற பெயர் சில இடங்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. புதிய முத்திரை வெளியாகும் நாளில் தபால் திணைக்களம் விடுகிற முதல் நாள் உறையை ஃபர்ஸ்ட் டே கவர் என்பது அதன் மிச்சம். 'அண்டர் செப்பரேட் கவர்' என்று ஒரு அலுவலகக் கடிதத்தில் கண்டால் வேறு உறையில் தனியாக அனுப்பியிருக்கிறோம் என்று அர்த்தம். உறைக்குள் தேடாதீர்கள், இன்னொரு தபால் வரும்.

'கவர்ட் வித்' சரியா, 'கவர்ட் இன்' சரியா, 'கவர்ட் பை' சரியா?

மூன்றும் இருக்கின்றன. ஒருவர் எடுத்து மூடினார் என்றால் வித்: மேசை துணியால் மூடப்பட்டிருக்கிறது, 'கவர்ட் வித் அ க்ளோத்'. சேறு, இரத்தம், தூசி, மணல் என்று மேலெல்லாம் அப்பிக் கிடந்தால் இன்: வயலிலிருந்து ஏறி வந்தவர் 'கவர்ட் இன் மட்'. இதற்கு வித் போட்டாலும் பிழையில்லை, இன் போட்டால் அப்பிய அளவு கூடத் தெரியும்.

பை வருகிற இடம் வேறு. இன்சூரன்ஸ், சட்டம், ஒப்பந்தம் போன்றவை ஒன்றைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும்போது 'கவர்ட் பை இன்சூரன்ஸ்'. வெள்ளக் காலத்தில் 'த ரோட் இஸ் கவர்ட் பை வோட்டர்' என்றும் எழுதுகிறார்கள், தப்பென்று வெட்ட மாட்டேன், வித் இன்னும் இயல்பாக இருக்கும்.

சிலபஸ் கவர் பண்ணுறது, தூரம் கவர் பண்ணுறது, நியூஸ் கவர் பண்ணுறது... இதுல எங்க மூடி?

முதல் பதிலில் சொன்ன 'விளிம்பு மட்டும்' இங்கே வேலை செய்கிறது. மூடியை விட்டுவிட்டுப் பரப்பைப் பாருங்கள். பாடத்திட்டத்தின் முதல் அலகிலிருந்து கடைசி அலகு வரை ஆசிரியர் போய் முடித்துவிட்டார் என்றால் சிலபஸ் கவர்ட். பிள்ளைக்கு விளங்கியதா என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை, கவனியுங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்தில் அதை ஓடி முடித்தால் 'வீ கவர்ட் போர்ட்டி கிலோமீற்றர்ஸ் இன் ஆன் அவர்'. செய்தியாளர் ஒரு கூட்டத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் எழுதிக் கொண்டுவந்தால் அந்தக் கூட்டத்தைக் கவர் செய்தார். போனுக்குக் கவரேஜ் இல்லை என்று வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ளவர்கள் சொல்வார்களே, அதுவும் இதே குடும்பம்: சிக்னல் பரவுகிற எல்லை அங்கே வரவில்லை.

இங்கே ஒரு சின்னப் பிழை அடிக்கடி வரும். 'கவர் அபவுட்' என்று போடுவார்கள். வேண்டாம். டிஸ்கஸுக்கு அபவுட் போடக் கூடாது என்று படித்திருப்பீர்கள், இதற்கும் அப்படித்தான். 'வீ கவர்ட் த்ரீ லெஸன்ஸ்', அதோடு நிறுத்துங்கள்.

'வில் ஃபைவ் தவுசன்ட் கவர் இட்?' எண்டு ஒராள் கேட்டார். ஐயாயிரத்த வெச்சு எத மூடுற?

ஐயாயிரம் காணுமா, போதுமா என்று கேட்டிருக்கிறார். நம்முடைய 'காணும்' இதற்கு அச்சொட்டாகப் பொருந்தும். செலவு ஒரு பரப்பு, காசு அதன் விளிம்பு மட்டும் போய்ச் சேருமா? சேர்ந்தால் 'யெஸ், தட் வில் கவர் இட்'. 'கவர் த கொஸ்ட்' என்றால் செலவைக் கட்டிக்கொள்ளும் அளவு காசு, லாபம் வந்ததென்று சொல்லவில்லை.

இன்சூரன்ஸ்காரர் ஃபுல் கவர், தேர்ட் பார்ட்டி கவர், கவர் நோட் எண்டு சொல்லுறார். என்ன வித்தியாசம்?

திரீவீல்காரர்கள் கேட்கிற கேள்வி இது, மொழியைத் தாண்டிக் காசு சம்பந்தப்பட்டது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். இங்கே கவர் என்றால் இழப்பீட்டின் எல்லை. தேர்ட் பார்ட்டி கவர் சட்டப்படி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு ஏற்பட்ட பாதிப்பு மட்டும் அதற்குள் வரும், உங்கள் திரீவீல் நசிந்ததற்கு ஒரு சதமும் வராது. இடித்துவிட்டு "இன்சூரன்ஸ் கட்டித்தானே இருக்கன்" என்று நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் கட்டியது இதைத்தான். ஃபுல் என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் கொம்ப்ரிஹென்சிவ் கவர், அதில் உங்கள் வாகனமும் சேரும். அதற்காக எல்லாமே சேரும் என்று நினைக்க வேண்டாம், வெள்ளம் வருமா, கலவரம் வருமா என்பதைப் பொலிசிப் பத்திரத்தில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' (சேராதவை) என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள். 'நொட் கவர்ட்' என்று போட்டிருந்தால் அதற்குக் காசு கிடைக்காது.

கவர் நோட் என்பது தற்காலிகத் துண்டு. நிரந்தரச் சான்றிதழ் கைக்கு வரும்வரை காப்புறுதி நடைமுறையில் இருக்கிறது என்று காட்டுவதற்கு. அதில் முடிவுத் திகதி இருக்கும், அதைக் கடந்தபின் வீதிச் சோதனையில் நீட்டினால் பொலிஸ் ஏற்காது.

வேலைக்குப் போடுற கடிதம் கவர் லெட்டரா, கவரிங் லெட்டரா?

அமெரிக்கர் கவர் லெட்டர் என்பார்கள், பிரித்தானிய வழக்கில் கவரிங் லெட்டர். இலங்கையில் இரண்டும் ஓடுகிறது. சுயவிவரத்துக்கு மேலே வைத்து அனுப்புகிற ஒரு பக்கக் கடிதம், அதனால் அந்தப் பெயர். சுயவிவரத்தில் இருப்பதையே திரும்ப எழுதுவதற்கு அது தேவையில்லை. இந்த வேலைக்கு ஏன் நீங்கள் என்று நாலு வரியில் சொன்னால் போதும்.

ஒஃபிஸ்ல நான் 'கவர் அப் டியூட்டி' பாக்கிறன். வெளிநாட்டு ஆள்கிட்ட அத சொன்னா ஏன் ஒரு மாதிரிப் பாத்தவர்?

இதைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கதைப்பது வழக்கம். இலங்கை அலுவலக ஆங்கிலத்தில் ஒருவர் லீவில் போனால் அவருடைய கடமையை மற்றவர் 'கவர் அப்' செய்கிறார். கடிதத்திலும் அப்படியே எழுதுகிறார்கள், நமக்குள் யாருக்கும் குழப்பமில்லை. வெளியே கவர் அப் என்றால் குற்றத்தை மூடி மறைப்பது. 'ஐ ஆம் கவரிங் அப் த அக்கவுண்டன்ட்ஸ் டியூட்டீஸ்' என்று ஒரு நிறுவனத்திலிருந்து வந்த வெள்ளைக்காரரிடம் சொன்னால், கணக்காளர் எதையோ சுருட்டிவிட்டார், இவர் அதை மறைக்கிறார் என்று அவருக்குக் கேட்கும்! 'ஐ ஆம் கவரிங் ஃபோர் த அக்கவுண்டன்ட்' என்று சொல்லுங்கள். அப்-ஐ எடுத்துவிட்டு ஃபோர் போட்டால் பிரச்சினை முடிந்தது. பதில் கடமைக் கடிதம் முறையாகத் தந்திருந்தால் 'அக்டிங் அக்கவுண்டன்ட்' என்பது இன்னும் நல்லது.

இதே அலுமாரியிலிருந்து இன்னொன்று: கவரிங் அப்ரூவல். செலவை முதலில் செய்துவிட்டு அனுமதியைப் பின்னால் எடுப்பது. நம் நாட்டுக் கோப்புகளில் சாதாரணம், வெளியில் 'ரெட்ரோஸ்பெக்டிவ் அப்ரூவல்' என்றால்தான் விளங்கும்.

அப்ப 'கவர் ஃபோர் மீ', 'கவர் மீ', 'கவர் அப் ஃபோர் மீ' மூண்டும் ஒண்டா?

மூன்றும் மூன்று. கவர் ஃபோர் மீ: நான் வரும்வரை என் வேலையைப் பாருங்கள். கவர் மீ: சண்டைப் படத்தில் ஓடப்போகிறவன் சொல்வது, நான் ஓடுகிறேன், எதிரி தலை தூக்காதபடி நீ சுடு. (சும்மா வீட்டில் படுத்திருக்கிறவர் சொன்னால் போர்வையைப் போத்திவிடு.) கவர் அப் ஃபோர் மீ: நான் செய்த தப்பை வெளியே விடாமல் மறை. சேர் கேட்டால் நான் வகுப்பில் இருந்தேன் என்று சொல்லு என்று கூட்டாளியிடம் கேட்பது கடைசி வகை, அதுக்கு நான் இங்கிலீஷ் சொல்லித் தந்ததாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

'டேக் கவர்' எண்டா மூடிய எடுக்கிறதா?

பதுங்குவது. குண்டு, மழை, காற்று, எதுவாக இருந்தாலும் மறைவான இடத்துக்குள் போவது. இந்தப் பக்கத்தில் 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட வயதானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கூரை பறக்கத் தொடங்கியதும் கட்டிலுக்குக் கீழும் கல்வீட்டுக்குள்ளும் ஓடியதுதான் டேக்கிங் கவர். இடையில் 'அ' போடக் கூடாது: 'டேக் கவர்', 'ரன் ஃபோர் கவர்'. 'டேக் அ கவர்' என்றால்தான் நீங்கள் கேட்ட மாதிரி ஒரு உறையை எடுப்பது. 'த' போட்டு 'டேக் த கவர் ஒஃப்' என்றால் மூடியைக் கழற்று.

பாசிக்குடா ஹோட்டல்ல "ஹௌ மெனி கவர்ஸ் டுநைட்?" எண்டு செஃப் கேட்டார். மேசை விரிப்பு எத்தினை எண்டு எண்ணிச் சொன்னன், சிரிச்சாங்க.

சிரித்தவர்களும் ஒரு நாள் இப்படித்தான் எண்ணியிருப்பார்கள். ஹோட்டல் மொழியில் ஒரு கவர் என்றால் ஓர் ஆளுக்கான சாப்பாட்டு ஏற்பாடு: அவருக்கு முன்னால் வைக்கிற தட்டு, முள், கத்தி, கரண்டி, கிளாஸ், நப்கின் எல்லாம் சேர்ந்து ஒன்று. பிரெஞ்சிலிருந்து வந்த வழக்கு. எட்டுப் பேர் இருக்கிற மேசைக்கு விரிப்பு ஒன்று, கவர் எட்டு. ஆகவே செஃப் கேட்டது இன்றிரவு எத்தனை பேருக்குச் சமையல் என்று. பில்லில் கவர் சார்ஜ் என்று கண்டால், சாப்பாட்டு விலைக்கு மேலே ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று போடுகிற தொகை.

கிரிக்கெட்ல கவர் ட்ரைவ், எக்ஸ்ட்ரா கவர்... இது எந்தக் கவர்?

இடத்தின் பெயர். வலதுகை ஆட்டக்காரர் நின்றால் ஓஃப் பக்கத்தில் பொயின்டுக்கும் மிட் ஓஃபுக்கும் நடுவில் நிற்பவர் கவர், அவரிலிருந்து கொஞ்சம் மிட் ஓஃப் பக்கம் தள்ளி நிற்பவர் எக்ஸ்ட்ரா கவர். அந்த இடைவெளியால் பந்தைத் தரையோடு அனுப்புவது கவர் ட்ரைவ். சங்கக்காரா ஒரு முழங்காலை ஊன்றி அடித்ததைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

'த கவர்ஸ் ஆர் ஓன்' என்றால் மழைக்கு மைதானத்தை மூடிவிட்டார்கள், இங்கே சொல் தன் பழைய அர்த்தத்துக்கே போய்விடுகிறது. 2023 ஆசியக் கிண்ணத்தில் கொழும்பு மழைக்குள் அந்தப் பெரிய விரிப்பை இழுத்து இழுத்து ஓடிய மைதான ஊழியர்களை மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பு, கண்டி ஊழியர்களுக்குச் சேர்த்து 50,000 டொலர் பரிசு அறிவித்தார்கள், இறுதிப் போட்டியில் ஆட்டநாயகனான சிராஜ் தன் பரிசுக் காசையும் அவர்களுக்கே கொடுத்தார்.

டிஸ்கவர், ரிகவர் ரெண்டுக்குள்ளயும் கவர் இருக்கே, சொந்தமா?

டிஸ்கவர் சொந்தம். மேலே கிடந்த மூடியை நீக்குவது, அதனால் கண்டுபிடிப்பது. ரிகவர் பார்வைக்கு மட்டும் சொந்தம், அது 'திரும்பப் பெறுதல்' என்ற அர்த்தமுள்ள வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காய்ச்சல் குணமானால் ரிகவர், கடன் காசு திரும்பி வந்தால் ரிகவர், மூடி எங்கேயும் இல்லை. ஆனால் பழைய செற்றிக்குப் புதுத் துணி போட்டால் அதுவும் எழுத்தில் இப்படித்தான் வரும், அப்போது நடுவில் ஒரு சிறு கோடு போட்டு 'ரீ-கவர்' என்று இழுத்துச் சொல்ல வேண்டும். கோட்டை விட்டுவிட்டால் செற்றிக்குக் காய்ச்சல் மாறியதாகிவிடும்.

கவர் எண்ட சொல் ஒளிஞ்சு கிடக்கிற வேற சொல்லும் இருக்கா?

இரண்டு இருக்கின்றன, இரண்டையும் தினமும் சொல்கிறீர்கள். ஒன்று கேர்ஃபியூ. பழைய பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்று அர்த்தம். அக்கால ஐரோப்பிய ஊர்களில் இரவு மணி அடித்ததும் அடுப்பு நெருப்பைச் சாம்பலால் மூடிவிட வேண்டும், ஊர் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக. நெருப்பு போய் மனிதரை வீட்டுக்குள் அடைப்பது அர்த்தமாகிவிட்டது. அதன் பாரம் நம் மாவட்டங்களில் யாருக்கும் புதிதில்லை.

மற்றது ஹேங்கர்ச்சிஃப், நாம் லேஞ்சி என்பது. அதில் கர்ச்சிஃப் என்ற பகுதி பிரெஞ்சில் 'தலையை மூடுவது', அதாவது முக்காடு. அதைக் கையில் வைத்துக்கொள்ளத் தொடங்கியதும் முன்னால் ஹேண்ட் சேர்த்தார்கள். கைத் தலைமுக்காடு! சொல்லின் பழைய கணக்கைப் பார்த்தால், தலையில் போட்டால்தான் அது சரியான கர்ச்சிஃப்.

புவியியல் பாடத்துல ஃபொரஸ்ட் கவர், க்ளவுட் கவர், கவர் க்ரொப் வருது. எல்லாம் ஒரே அர்த்தமா?

கிட்டத்தட்ட. ஃபொரஸ்ட் கவர் என்றால் நிலத்தில் எவ்வளவு பங்கைக் காடு மூடியிருக்கிறது என்பது. க்ளவுட் கவர் வானத்துக்கு, வானிலைக்காரர் வானத்தை எட்டுப் பங்காக எடுத்துக்கொண்டு அதில் எத்தனை பங்கு முகில் என்று சொல்வார்கள், எட்டும் என்றால் நீலம் ஒரு பொட்டும் தெரியாது. கவர் க்ரொப் மூடுபயிர்: தென்னந்தோட்டத்தில் மரங்களுக்கு இடையில் பியூரேரியா போன்ற கொடியைப் படரவிடுவார்கள், அது களையை அமுக்கி, மண் காயாமலும் கழுவிப் போகாமலும் பிடித்து, அவரையினம் என்பதால் வேரில் நைதரசனையும் சேர்க்கும். பரீட்சையில் 'கவர் க்ரொப்' என்று வந்தால் அறுவடைக்குப் போடுகிற பயிர் என்று எழுதிவிடாதீர்கள், அங்கே புள்ளி போகும்.